நான்கு பின்னூட்டங்கள்



ஏறக்குறைய ஒன்பது வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தவன், போன மாதம் திடீரென்று எழுத ஆரம்பித்ததும் பழைய வாசகர்கள் சிலருக்கு ஆச்சரியம். தெப்பக்குளம் கடைவீதியில் எதிர்ப்பட்ட ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஸார் நிறுத்தினீங்க, இப்ப ஏன் திரும்ப வந்தீங்க?" என்று கேட்டார். நடுத்தெருவில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. என் கதையைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் வலைப்பதிவின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவன். 1971-ல் சேர்ந்து 2007-ல் ஓய்வு. முப்பத்தாறு வருஷமும் கடிதங்களைப் பிரித்து, கட்டி, பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்புகிற வேலை. பாதி நாள் ராத்திரி ரயிலின் தபால் பெட்டியில், நின்றுகொண்டே. வேலைக்குச் சேர்ந்த அன்று மூத்தவர் ஒருவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, கைக்கு வந்த கடுதாசி கையிலேயே தங்கக் கூடாது." அந்த ஒன்றை மட்டும் நான் மீறியதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ந்த மறு வருஷம், 1972 ஆகஸ்டு 15-ல், பின்கோடு வந்தது. அதற்கு முன்னால் புதூர் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் புதூர் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். ஆறு இலக்கம் வந்ததும் அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கணினியில் தமிழ் வந்த கதையும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

1990-களில் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் பட்ட பாடு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஒரு தளத்தைப் படிக்க வேண்டுமானால் அந்தத் தளத்தின் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் திரையில் தெரிவது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மூலம் 1980-களிலிருந்தே கணினித் தமிழுக்கு உழைத்து வந்தார். 1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்; பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளையும் ஏற்றது. இன்னொரு பக்கம் திஸ்கி என்ற முறையை இணையத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஊருக்கு மூன்று பின்கோடு இருந்தால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது யூனிகோடு. உலகத்திலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு எண். நம் 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. சிங்கப்பூரில் இருந்தாலும் சிங்கம்புணரியில் இருந்தாலும் அதே எண்தான். 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்த பிறகுதான் சாதாரண வீட்டுக் கணினிகளுக்கு அது மெல்ல மெல்ல எட்டியது. என் பேரன் இதை எனக்கு விளக்கியபோது, "அட, பின்கோடு மாதிரி!" என்றேன். "பின்கோடுன்னா என்ன தாத்தா?" என்றான் அவன்.

வலைப்பதிவு என்பதும் அதே காலத்துச் சரக்குதான். 1997-ல் ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர் 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் விளையாட்டாக அதை உடைத்து 'பிளாக்' ஆக்கினார். அதே 1999 ஆகஸ்டில் பிளாகர் சேவை வந்தது; 2003-ல் அதைக் கூகுள் வாங்கியது. ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் தமிழில் வலைப்பதிவுகள் ஒன்றிரண்டாக முளைத்தன. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகளும், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களும்தான் முதலில் எழுதினார்கள். இ-கலப்பை, சுரதாவின் எழுத்துரு மாற்றி, பிறகு என்.எச்.எம். ரைட்டர் என்று கருவிகள் இலவசமாகவே கிடைத்தன. இவற்றைச் செய்தவர்களுக்கு நாம் காலணா கொடுத்ததில்லை.

2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைக் கொண்டுவந்தார். என்னைக் கேட்டால் தமிழ் வலைப்பதிவின் உண்மையான தொடக்கம் அதுதான். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து, யார் புதிதாக எழுதியிருக்கிறார்கள், எந்தப் பதிவுக்குப் புதிய பின்னூட்டம் வந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதாவது சார்ட்டிங் ஆபீஸ்! வாரம் ஒருவரை 'நட்சத்திரம்' ஆக்குவார்கள். அந்த ஏழு நாளும் அவர் மாப்பிள்ளை மாதிரிதான்.

நான் 2008-ல் நுழைந்தேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவனைப் பேரன்தான் பிடித்து இழுத்து வந்தான். முதல் பதிவை ஒற்றை விரலால் தட்ட மூன்று நாள் ஆனது. வந்த பின்னூட்டம் ஒன்றே ஒன்று: "வாங்க ஸார், நல்லா இருக்கு, தொடர்ந்து எழுதுங்க." எழுதியவர் நார்வேயில் இருக்கிறார். முப்பத்தாறு வருஷம் பிறர் கடிதங்களைப் பிரித்தவனுக்கு, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து, கடல் கடந்து, தன் பெயருக்கு ஒரு கடிதம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன்பின் மூன்று நான்கு வருஷம் பொற்காலம். சமையல், பயணம், கோயில், சினிமா, கணக்கு, மொக்கை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. பதிவர் சந்திப்பு என்று பூங்காவிலும் கடற்கரையிலும் கூடினோம். சண்டையும் இருந்தது. அனானிகள் வந்து வசை பாடுவார்கள். 2012-ல் ஒரு அனானி என் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசியதும், நான் மட்டுறுத்தலைப் போட்டுவிட்டேன். அதாவது, எந்தப் பின்னூட்டமும் நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியாகும். யாராவது எழுதினால் என் பழைய மின்னஞ்சலுக்குத் தகவல் வரும்படி ஏற்பாடு.

அந்தக் காலத்தில் கிடைத்தவர்தான் வாத்தியார். காரைக்குடிப் பக்கம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தனக்கென்று வலைப்பூ வைத்துக்கொள்ளவில்லை. "வீடு கட்டுறவன் ஒருத்தன், திண்ணையிலே உட்கார்றவன் ஒருத்தன். நான் ரெண்டாமவன்" என்பார். ஒரு மின்மடல் குழுவில் நீளநீளமாக எழுதுவார். என் பதிவுகளின் கீழே பின்னூட்டம் எழுதுவார். சில சமயம் என் பதிவைவிட அவர் பின்னூட்டம் நன்றாக இருக்கும். என்னை "சார்ட்டர் ஸார்" என்பார். காது சரியாகக் கேட்காது என்பதால் தொலைபேசியில் பேசமாட்டார். எல்லாம் எழுத்தில்தான்.

பிறகு ஊக்கம் எப்படி வற்றியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் இல்லை. 2009 பிப்ரவரியில் முகநூலில் 'லைக்' பொத்தான் வந்தது. நம் பதிவர்கள் ஒவ்வொருவராக அங்கே குடிபெயர்ந்தார்கள். 2013 ஜூலை 1-ல் கூகுள் ரீடர் மூடப்பட்டது. பல பதிவுகளை ஒரே இடத்தில் படித்தவர்கள் அதோடு பழக்கத்தையே விட்டார்கள். அதே மாதம் நடுவில் தந்தி சேவையும் நின்றது. தந்தி நின்றதற்குப் பத்திரிகைகளில் தலையங்கமெல்லாம் வந்தது. ரீடர் நின்றதற்கு எங்களைப் போன்ற நாலு பேர் முணுமுணுத்ததோடு சரி. 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட்டும் போனது. கைப்பேசி வந்த பிறகு திரையும் சின்னது, பொறுமையும் சின்னது.

நானும் முகநூலுக்குப் போனேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, ஆரம்பத்தில் சொக்கித்தான் போனேன். முக்கொம்பில் எடுத்த ஒரு படத்துக்கு முந்நூறு லைக். நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்குப் பதினொன்று. அடுத்த வாரம் நான் என்ன போட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? படம்தான். அடுத்ததாகக் கோபம் அதைவிட நன்றாக விலைபோகிறது என்று தெரிந்தது. அரசியல் பற்றி இரண்டு வரி சூடாக எழுதினால் நூறு பேர் வருவார்கள். அப்படி எழுதிய ஒரு இரண்டு வரியில், முப்பது வருஷம் என்னோடு ஒரே வண்டியில் வேலை பார்த்த நண்பர் ஒருவரை இழந்தேன். இன்று வரை அவர் என்னோடு பேசுவதில்லை. காலையில் எழுந்ததும் லைக்கை எண்ணுகிற கிழவனாக நான் ஆகியிருந்ததை என் மனைவிதான் முதலில் சொன்னாள். "என்னங்க, பரீட்சை ரிசல்ட் பாக்கற பையன் மாதிரி பாக்கறீங்க."

இதற்கிடையில் இந்த வலைப்பூவில் 'ராத்திரி மெயில்' என்று ஒரு தொடர் எழுதிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கலாம். 2016-ல் பதினேழாம் பகுதி. 1977 நவம்பரில் புயல்மழையில் நம் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்ததே, அந்த ராத்திரியைப் பற்றியது. 'தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. தரையில் அடுக்கியிருந்த தபால் பைகளைத் தொட்டது. மீதி அடுத்த பதிவில்' என்று முடித்திருந்தேன். அடுத்த பதிவு வரவேயில்லை. பெரிய காரணமெல்லாம் கிடையாது. அந்தப் பதினேழாம் பகுதிக்கு ஒரு வாரமாகியும் ஒரு பின்னூட்டம்கூடக் கண்ணில் படவில்லை. யாரும் படிக்கவில்லை, எதற்கு எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல் எப்போதோ மறந்துபோயிருந்தது. 2019-ல் முகநூலையும் மூடினேன். மிஞ்சியது வாட்ஸ்அப்.

வாத்தியாருக்கும் தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவேன். அவர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புவார். தொடர்பில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை மட்டும், "அங்கே எழுதியதைப் பார்த்தீரா?" என்று கேட்டிருந்தார். ஏதோ ஃபார்வர்டைப் பற்றிக் கேட்கிறார் என்று கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினேன். 2021-ல், அந்தக் கொரோனா இரண்டாம் அலையில், அவர் போய்ச் சேர்ந்தார். போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை.

இந்த வருஷம் அவர் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள்.

"மாமா, அப்பா எழுதினதையெல்லாம் சின்னதா ஒரு புத்தகமாப் போடலாம்னு இருக்கேன். பசங்களுக்குத் தாத்தாவோட முகம்தான் ஞாபகம் இருக்கு. பேச்சு ஞாபகம் இல்ல. அந்த மெயில் குரூப்ல நிறைய எழுதுவாரே, உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லை. அந்தக் குழு இருந்த சேவையே இப்போது இல்லை. இணையத்தில் இது புதிதும் இல்லை. ஜியோசிட்டீஸ் என்று ஒரு பெரிய நகரமே இருந்தது. 2009 அக்டோபரில் மூடினார்கள். ஆர்குட்டில் நாம் எழுதியது எங்கே? இணையத்தில் போட்டது அழியாது என்று சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில், வாடகை வீட்டுச் சுவரில் எழுதியது மாதிரிதான். எப்போது வெள்ளையடிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

"உங்க பிளாக்ல எழுதினது இருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கைப்பேசிக்கும் வலைப்பூவுக்கும் ஒரே கூகுள் கணக்கு என்பதால் உள்ளே போக முடிந்தது. ஒட்டடை படிந்த வீட்டைத் திறக்கிற மாதிரி ஒரு கூச்சம். ஆனால் எல்லாம் அப்படியே இருந்தது. வாத்தியாரின் பின்னூட்டங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் அவர் குரலில். காரைக்குடி வீட்டு முற்றத்தில் வத்தல் காயவைத்தது, தன் பெயரைத் தவறாக எழுதிய பையனுக்கு முழு மதிப்பெண் போட்டது, மனைவியை முதன்முதலில் பார்த்த அன்று மழை பெய்தது. பிரதி எடுத்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் பக்கவாட்டில் 'மட்டுறுத்தலுக்காகக் காத்திருப்பவை' என்ற இடத்தைத் தற்செயலாகத் தட்டினேன்.

நூற்றுச் சொச்சம் காத்துக் கிடந்தன. பெரும்பாலும் விளம்பரக் குப்பை. நடுவில் நான்கு, வாத்தியாருடையவை.

முதலாவது, பதினேழாம் பகுதி வெளியான மறுநாள்: "சார்ட்டர் ஸார், பிரமாதம். இப்படித் தொங்கலில் விட்டால் எப்படி? பை நனைந்ததா, இல்லையா?"

இரண்டாவது 2017-ல்: "இன்னும் தண்ணீர் வடியவில்லையா?"

மூன்றாவது 2018-ல்: "பேத்திக்கு உம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பை என்ன ஆச்சு என்று அவளும் கேட்கிறாள். எனக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காக."

நான்காவது 2020 ஏப்ரலில்: "ஊரடங்கில் சும்மாதானே இருக்கிறீர்? பதினெட்டை எழுதும். என்னிடமும் நேரம் இருக்கிறது."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து காப்பி ஆறிப்போச்சு என்றாள். கைக்கு வந்த கடிதம் கையில் தங்கக் கூடாது என்று முப்பத்தாறு வருஷம் இருந்தவன், தன் பெயருக்கு வந்த கடிதத்தையே பட்டுவாடா செய்யாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்திருக்கிறேன். யாரும் படிக்கவில்லை என்று நினைத்துத்தானே நிறுத்தினேன்? படித்தவர் வாசலில் நின்று நான்கு தடவை கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே தாழ் போட்டவன் நான். அதே சமயம் தினமும் காலையில் அவருக்கு ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நான்கையும் அன்றே வெளியிட்டேன். அன்று ராத்திரியே பதினெட்டாம் பகுதியை எழுத உட்கார்ந்தேன். விரல் முன்போல வளையவில்லை. இப்போது கைப்பேசியில் பேசினாலே தமிழில் எழுதுகிறது. 2017-லேயே கூகுள் அந்த வசதியைத் தந்துவிட்டது. நான்தான் தொட்டுப் பார்க்கவில்லை. பேசிப் பேசி எழுதி, விடியற்காலை நான்கு மணிக்கு முடித்தேன். ரயிலில் வேலை பார்த்த நாட்களுக்குப் பிறகு இப்படி விழித்திருந்தது அன்றுதான்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற கணக்கை இப்போது நான் பார்ப்பதில்லை. சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, விற்கவில்லையென்றால் மூட்டையாகச் சுமந்துபோய் ஊர் ஊராகக் கொடுத்தவர். லட்சம் பேர் வருவார்கள் என்று எண்ணி அவர் சுமக்கவில்லை. அவ்வளவு பெரிய காரியம் நான் செய்யவில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒரு விலாசதாரர் போதும் என்பது சார்ட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். லைக் போடுகிறவர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி கேட்கிறவர் நிச்சயம் படித்திருக்கிறார்.

என் வயதொத்த நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பூட்டிவிட்டு வந்த வலைப்பூ இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். 2023 டிசம்பர் முதல், இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. உள்ளே போனால் எழுதியதையெல்லாம் ஒரு பிரதி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அப்படியே மட்டுறுத்தலில் யாராவது காத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

வாத்தியாரின் பேத்திக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? பை நனைந்தது அம்மா. இரண்டு பை. மற்றவற்றை மேஜைகளுக்கு மேல் ஏற்றிவிட்டோம். நனைந்த கடிதங்களை மறுநாள் கயிறு கட்டி, துணி மாதிரி உலர்த்தினோம். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியதெல்லாம் பிழைத்துக்கொண்டது. மைப்பேனாவில் எழுதியவற்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்து அனுப்பினோம். விலாசம் முழுக்கக் கரைந்துபோனவை ஆர்.எல்.ஓ.வுக்குப் போயின, அங்கே பிரித்துப் பார்த்து, உள்ளே ஊர் பெயர் இருந்தால் அனுப்பிவைப்பார்கள்.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனாலும் அனுப்பினோம்.

பத்தொன்பதாம் பகுதி வரும் வெள்ளிக்கிழமை.